நண்டுகளிடம் ஒத்திகை

முதலில் நண்டுகளிடம்தான் கேட்டுப் பார்த்தேன்.
புந்தா அரேனாஸ், இரவு ஷிஃப்ட்.
எஃகு மேசையில் மல்லாந்து கிடந்தவற்றுள்
இன்னும் கால் அசைத்துக்கொண்டிருந்த ஒன்றிடம்:
"சாகணும்னு தோணுதாடா உனக்கு?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டேன்,
கொதிதொட்டி மூன்றடி தூரத்தில்.
குரல் பிசிறியது.
அடுத்ததிடம் கொஞ்சம் மெதுவாக.
பதினேழாவது நண்டுக்கு வந்தபோது
பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல்
கேள்வி வாய்க்குப் பழகியிருந்தது.

பக்கத்து மேசை நெவென்கா
காதுறையைத் தூக்கி, "யாரோட பேசுற?" என்றாள்.
"மகனோட" என்றேன்.
காதுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.
விடியும்வரை என் பங்கு நண்டையும்
அவளே உடைத்தாள்.

ஜூலையில், குளம் உறைந்திருந்தபோது,
தன் ஸ்கேட்டிங் காலணியைச்
சித்தி மகனுக்குக் கொடுத்தான் டாங்கோ.
பிறகு ஹெட்போனை.
பிறகு நீல ஜாக்கெட்டை.
நல்ல மனசு, நல்ல மனசு என்று
பேக்கரி வரிசையில் பெருமை அடித்தேன் நான்.
பதினாறு வயதுப் பையன்
தன் சாமான்களை ஒவ்வொன்றாய்க் கரையேற்றுகிறான்;
நான் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பள்ளி ஆலோசகர் தேநீரை ஆறவிட்டுச் சொன்னார்:
கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.
நேராகக் கேளுங்கள்.
சொல்லைச் சுற்றி வளைக்காதீர்கள்.

ரமீரோ தெற்குக் கால்வாய்களில், படகில்.
சாட்டிலைட் போனில் இரண்டு நிமிடம்.
"வேல வெட்டி குடு, சரியாயிடுவான்" என்றான் முதலில்.
காலணி விஷயத்தைச் சொன்னேன்.
காசு கொட்டும் நிமிடத்தில்
வெறும் கடல் மட்டும் கேட்டது.
"நான் வரட்டுமா?"
இருபது வருடத்தில் அவன் இப்படிக் கேட்டது
அன்றுதான்.

அக்டோபர் காற்று ஆளைத் தள்ளும்.
பிக்கப் வண்டியே
ஆடி ஆடித்தான் நின்றது சிக்னலில்.
முகம் பார்க்காமல் பேச
வண்டியைப்போல் ஓர் இடம் வீட்டில் இல்லை;
இரண்டு பேருக்கும் கண்ணாடிதான் முன்னால்,
அதற்கப்பால் நுரை கிளம்பிய நீரிணை.

கேட்டேன்.
பதினேழாவது நண்டிடம் கேட்டதுபோல.

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
"சில நேரம்" என்றான் டாங்கோ.
பிறகு,
"நிறைய நேரம்."

தயாரித்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று,
உன்னை எப்படி வளர்த்தேன்,
அப்பா படும் பாடு,
உனக்கு என்ன குறை
எல்லாம்.
அழக்கூட மறந்துபோனேன்.
"சொன்னியே. போதும். நான் இங்கதான் இருக்கேன்"
என்றேன்.
மழையே இல்லை,
கை ஏனோ வைப்பரைப் போட்டது.
காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டது.
"அம்மா, அத நிறுத்து" என்றான்.
நிறுத்தினேன்.

அன்றே ஆஸ்பத்திரி போனோம்.
நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி.
இப்போது வியாழன்தோறும் ஒரு டாக்டர்;
அவரைப் பிடிக்கவில்லை என்கிறான்,
போகிறான்.
வீட்டு மருந்துப் பெட்டி ஆலையில்,
என் லாக்கரில், ரப்பர் பூட்ஸுக்குப் பின்னால்.
தலைவலி மாத்திரை ஒன்றே ஒன்று
என் கோட்டுப் பையில் இருக்கும்;
வேண்டுமானால் என்னை எழுப்ப வேண்டும்.
நடுராத்திரி எழுப்புகிறான்.
சில நாள் தலை வலிக்காமலே எழுப்புகிறான்.

அவன் அறைக் கதவைத் தட்டாமல்
திறப்பதில்லை நான்.
உள்ளே தாழ் போடுவதில்லை அவன்.
இது எழுதாத ஒப்பந்தம்,
இரண்டு முறை மீறப்பட்டது.
இரண்டு முறையும் நான்தான்.

சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
நேற்று பிளாசா மூலையில்
கேக் பெட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து
மறு கையால் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்
தடித்த ஒருத்தி.
மூடி பறந்தது.
கேக் மட்டும் அசையவில்லை.
டாங்கோ சிரித்தான்; சத்தமாய் அல்ல,
மூக்கு வழியாக.

அப்புறம் கேட்டான்,
"அந்த நண்டு என்ன பதில் சொல்லிச்சு?"
நெவென்கா வாயை
யாரால் மூட முடியும் இந்த ஊரில்.